நிறுவலும் நீக்கலும்

ஆக்குவது கடினம், அழிப்பது எளிது என்பது உலகோர் கூற்று. பல மாதங்கள் உழைத்து எழுப்பிய சுவரை ஒரே நாளில் இடித்துவிடலாம்; ஆண்டுக்கணக்கில் வளர்ந்த மரத்தை ஒரு பொழுதில் வெட்டிச் சாய்த்துவிடலாம். ஆயினும் இக்கூற்றுப் பொருந்தாத துறை ஒன்று கணிப்பொறி உலகில் உண்டு. மூல நிரலைப் பெற்று, அதனைத் தாமே தொகுத்து, தம் கணிப்பொறியில் கைப்பட நிறுவிய மென்பொருளைப் பிறிதொன்றுக்கும் ஊறு நேராதவாறு முழுமையாக நீக்குவது, அதனை நிறுவுவதைக் காட்டிலும் கடினமானது. நிறுவுவதற்கு இரண்டு மூன்று ஆணைகள் போதும். நீக்குவதற்கோ நினைவும் பதிவும் பொறுமையும் வேண்டும். இந்நிலை ஏன் உண்டாயிற்று என்பதையும், இதனைத் தீர்ப்பதற்கு அறிஞர்கள் கண்ட வழிகள் யாவை என்பதையும் இன்று வரலாற்று முறையில் ஆராய்வோம்.

முதற்கண் சில சொற்களுக்குப் பொருள் தெளிவோம். மனிதன் படித்து உணரக்கூடிய வடிவில் எழுதப்பட்ட கட்டளைகளின் தொகுதியே மூல நிரல். அதனைக் கணிப்பொறி அப்படியே இயக்க இயலாது. கம்பைலர் என்னும் நிரல் அதனைக் கணிப்பொறிக்கு உரிய மொழியாக மாற்றித் தருகிறது. இவ்வாறு உருவான கோப்புகளை அவை அவை இருக்கவேண்டிய இடங்களில் படியெடுத்து வைப்பதற்கு நிறுவுதல் என்று பெயர். இங்கே நாம் கருத்திற்கொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ஒரு மென்பொருள் என்பது ஒரே கோப்பு அன்று. இயங்கும் நிரல் ஓரிடத்திலும், அந்நிரல் துணைக்கு அழைக்கும் நிரலகங்கள் வேறோரிடத்திலும், கையேடு மற்றோரிடத்திலும், அமைப்புக் கோப்பு இன்னோரிடத்திலுமாகப் பிரிந்து வைக்கப்படும். அந்த இடங்களிலெல்லாம் பிற மென்பொருள்களின் கோப்புகளும் முன்பே நிறைந்திருக்கும்.

நம் நாட்டில் திருமண வீட்டுக்கு உறவினர் பலரிடமிருந்தும் அண்டாவும் குண்டானும் தாம்பாளமும் வாங்கி வருவதுண்டு. விருந்து முடிந்தபின் அவை யாவும் ஒன்றாய்க் கலந்து குவிந்து கிடக்கும். ஆயினும் திருப்பித் தருவதில் குழப்பம் நேர்வதில்லை. ஒவ்வொரு பாத்திரத்தின் விளிம்பிலும் உடையவர் பெயர் வெட்டப்பட்டிருப்பதே காரணம். கணிப்பொறியின் கோப்புகளுக்கு அவ்வாறு பெயர் வெட்டும் வழக்கம் தொடக்கத்தில் இல்லை. நாம் காணப்போகும் வரலாறு, பெயர் வெட்டாத பாத்திரங்களைப் பிரித்தறிய மக்கள் பட்ட பாட்டின் வரலாறே ஆகும்.

இவ்வரலாறு அமெரிக்க நாட்டின் நியூஜெர்சி மாநிலத்தில் உள்ள பெல் ஆய்வுக்கூடத்தில் தொடங்குகிறது. அங்கே 1969ஆம் ஆண்டில் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி ஆகியோர் யூனிக்ஸ் என்னும் இயக்கமுறைமையை உருவாக்கத் தொடங்கினர். எளிமையே அதன் சிறப்பு. அதில் கோப்பு என்பது எண்ணும் எழுத்தும் கொண்ட ஒரு வரிசை மட்டுமே. அதற்கு உரிமையாளர் யார், எவர் படிக்கலாம், எவர் மாற்றலாம், இறுதியாக எப்போது மாற்றப்பட்டது என்னும் செய்திகளை யூனிக்ஸ் குறித்து வைத்துக்கொண்டது. அந்தக் கோப்பு எந்த மென்பொருளைச் சேர்ந்தது என்பதை மட்டும் குறித்து வைக்கவில்லை. அதனைக் குறிக்கவேண்டிய தேவையும் அன்று எழவில்லை. அக்கணிப்பொறியைப் பயன்படுத்தியோர் சிலரே. ஒருவர் வைத்த பொருளை மற்றவர் நன்கு அறிவர்.

யூனிக்ஸில் கோப்பை அழித்தல் என்பதன் பொருளும் ஆழ்ந்து நோக்கத் தக்கது. அங்கே அழிக்கும் ஆணை முதலில் செய்வது, கோப்பின் பெயரைக் கோப்புறையிலிருந்து எடுத்துவிடுவது மட்டுமே. ஒரே கோப்புக்குப் பல பெயர்கள் இருக்கலாம். இறுதிப் பெயரும் நீங்கி, அதனைத் திறந்து வைத்திருக்கும் நிரலும் இல்லையென்றான பின்னரே அக்கோப்பு இருந்த இடம் வெற்றிடமாகிறது. ஆதலின், இயங்கிக்கொண்டிருக்கும் ஒரு நிரலின் கோப்பை நாம் நீக்கிவிட்டாலும், அந்நிரல் தன் போக்கில் இயங்கிக்கொண்டே இருக்கும். பெயர் போன பின்னும் பொருள் நிற்கும் இந்நிலையை அறியாதவர், நீக்கிவிட்டோம் என்று எண்ணி ஏமாறுவதுண்டு.

யூனிக்ஸ் பல பல்கலைக்கழகங்களுக்குப் பரவியபோது, இயக்கமுறைமையோடு வந்த கோப்புகளும் அவ்விடத்தார் தாமே எழுதியோ பிறரிடம் பெற்றோ சேர்த்த கோப்புகளும் கலந்துவிடாதிருக்க ஒரு வழி வேண்டியதாயிற்று. அதற்கென ஏற்பட்டதே யு.எஸ்.ஆர். லோக்கல் என்னும் கோப்புறை. உள்ளூர்ப் பொருள்களுக்கு உரிய இடம் என்பது அப்பெயரின் கருத்து. பிற்காலத்தில், 1994ஆம் ஆண்டில், லினக்ஸ் முறைமைகளுக்கான கோப்பமைப்பு நெறி ஒன்று வகுக்கப்பட்டபோது இவ்வழக்கம் விதியாகவே எழுதப்பட்டது. முறைமையைப் புதுப்பிக்கும்போது அந்தக் கோப்புறையில் கைவைக்கலாகாது என்பது அவ்விதியின் சாரம். இதனால் உள்ளூர்ப் பொருளுக்கும் வெளியிலிருந்து வந்த பொருளுக்கும் இடையே ஒரு சுவர் எழுந்தது. எனினும் அச்சுவருக்குள்ளே பல மென்பொருள்கள் ஒன்றோடொன்று கலந்தே கிடந்தன.

அடுத்து நாம் காணவேண்டிய ஆண்டு 1976. பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் என்னும் அறிஞர் மேக் என்னும் கருவியை உருவாக்கினார். அது பிறந்த கதை சுவையானது. அவருடைய தோழரும் யாக் என்னும் கருவியை இயற்றியவருமான ஸ்டீவ் ஜான்சன் ஒரு நாள் சினத்துடன் அவருடைய அறைக்குள் நுழைந்தாராம். பிழை திருத்தப்பட்ட ஒரு நிரலில் பிழையைத் தேடி ஒரு காலைப்பொழுதையே அவர் வீணாக்கியிருந்தார். மூல நிரல் திருத்தப்பட்டிருந்தது. ஆனால் அதனை மீண்டும் தொகுக்க மறந்துவிட்டமையால் பழைய நிரலே இயங்கிக்கொண்டிருந்தது. ஃபெல்ட்மனும் அதற்கு முந்தைய மாலையில் அத்தகைய தொல்லைக்கு ஆளாகியிருந்தார். எந்தக் கோப்பு எதனிலிருந்து பிறக்கிறது என்பதை ஓர் ஏட்டில் எழுதி வைத்துவிட்டால், எதனை மீண்டும் தொகுக்கவேண்டும் என்பதைக் கணிப்பொறியே கண்டுகொள்ளுமன்றோ? இவ்வெண்ணமே மேக் ஆயிற்று. அந்த ஏட்டுக்கு மேக்ஃபைல் என்று பெயர். இக்கருவிக்காக அமெரிக்கக் கணிப்பொறியியல் கழகமான ஏ.சி.எம். 2003ஆம் ஆண்டில் தனது மென்பொருள் முறைமை விருதை ஃபெல்ட்மனுக்கு அளித்துச் சிறப்பித்தது.

மேக்ஃபைலில் ஆணை எழுதும் வரிகள் டேப் என்னும் இடைவெளிக் குறியுடன்தான் தொடங்கவேண்டும். கண்ணுக்குப் புலப்படாத இக்குறியால் இடர்ப்பட்டோர் எண்ணிலர். இவ்விதி நன்றன்று என்பதை ஃபெல்ட்மன் விரைவிலேயே உணர்ந்தார். ஆனால் அதற்குள் ஏறத்தாழப் பன்னிருவர் அக்கருவியைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டனர். அவர்களுக்குத் தொல்லை தர அவர் விரும்பவில்லை. இன்று உலகெங்கும் எண்ணற்றோர் அவ்விதிக்குக் கட்டுப்பட்டே எழுதுகின்றனர். ஒன்றை நம்பிப் பிறர் நிற்கத் தொடங்கிவிட்டால் அதனை எடுத்தல் அரிது என்பதற்கு இது நல்ல சான்று. நீக்கல் என்னும் நம் பொருளுக்கு இவ்வுண்மை பின்னரும் பயன்படும்.

மேக் கருவி தொகுப்பதில் வல்லது. எனினும் அதன் அறிவு தொகுப்பதோடு நின்றுவிட்டது. தொகுத்த கோப்புகளை உரிய இடங்களில் படியெடுத்து வைக்கும் ஆணைகளையும் மேக்ஃபைலில் எழுதி, மேக் இன்ஸ்டால் என்று அதனை அழைக்கும் வழக்கம் பரவியது. மேக்கைப் பொறுத்தமட்டில் அது மற்றோர் ஆணை அவ்வளவே. எந்தக் கோப்பை எங்கே வைத்தோம் என்று அது எங்கும் எழுதி வைப்பதில்லை. பணி முடிந்த மறுகணமே அந்த நினைவு அகன்றுவிடுகிறது. நீக்கல் கடினமானதற்கு அடிப்படைக் காரணம் இதுவே.

1983ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பார் குனூ என்னும் திட்டத்தை அறிவித்தார். மென்பொருளின் மூல நிரலைப் படிக்கவும் திருத்தவும் பிறருக்கு வழங்கவும் எவர்க்கும் உரிமை வேண்டும் என்பது அத்திட்டத்தின் கொள்கை. இதன் பயனாக மூல நிரலாகவே மென்பொருளைப் பெற்றுத் தம் இடத்திலேயே தொகுத்துக்கொள்ளும் முறை பெருகிற்று. ஆனால் ஒவ்வோர் இடத்திலும் வெவ்வேறு வகைக் கணிப்பொறிகள் இருந்தன. அவற்றின் வேறுபாடுகளை ஆராய்ந்து அதற்கேற்ப மேக்ஃபைலை அமைத்துத் தரும் கான்ஃபிகர் என்னும் ஆணைத்தொடர்கள் எழுதப்பட்டன. அவற்றைத் தானாகவே இயற்றித் தரும் ஆட்டோகான்ஃப் என்னும் கருவியை டேவிட் மெக்கென்சி என்பார் 1991ஆம் ஆண்டில் உருவாக்கத் தொடங்கினார். அது முதல், கான்ஃபிகர், மேக், மேக் இன்ஸ்டால் என்னும் மூன்று ஆணைகளும் உலகெங்கும் மாணவர்கள் மனப்பாடமாக அறிந்த மந்திரம்போல் ஆயின.

நிறுவினால் நீக்கவும் வேண்டுமே என்பதைக் குனூ திட்டத்தார் மறந்தாரல்லர். மேக்ஃபைலில் இருக்கவேண்டிய விதிகளை வகுத்த அவர்களுடைய நெறிநூல், அன்இன்ஸ்டால் என்னும் விதியும் இருத்தல் வேண்டும் என்று கூறுகிறது. நிறுவும் ஆணை படியெடுத்து வைத்த கோப்புகளை எல்லாம் நீக்குவது அதன் பணி. இங்கே மாணவர்கள் பலரும் மயங்கும் இடம் ஒன்று உண்டு. மேக் கிளீன் என்னும் ஆணையும் மேக் அன்இன்ஸ்டால் என்னும் ஆணையும் ஒன்றல்ல. முன்னது, தொகுத்த இடத்தில் சிதறிக் கிடக்கும் இடைநிலைக் கோப்புகளைத் துடைப்பது. தச்சர் பட்டறையில் மரத்தூளைக் கூட்டுவது போன்றது. பின்னது, வீட்டில் கொண்டுபோய் வைத்த நாற்காலியைத் திரும்ப எடுப்பது. பட்டறையைக் கூட்டினால் வீட்டிலிருக்கும் நாற்காலி மறைந்துவிடாது.

விதி வகுத்தாயிற்று, எனினும் இடர் தீரவில்லை. காரணங்கள் மூன்று. முதலாவது, அன்இன்ஸ்டால் விதியை எழுதுவது நிரலாசிரியரின் விருப்பத்தைப் பொறுத்தது; எழுதாமல் விட்டவர் பலர். இரண்டாவது, அவ்விதி மேக்ஃபைலுக்குள்ளேயே இருக்கிறது. நிறுவி முடித்ததும் மூல நிரல் இருந்த கோப்புறையை இடம் அடைக்கிறது என்று அழித்துவிடுவது பலருடைய வழக்கம். அதனோடு நீக்கும் வழியும் அழிந்துவிடுகிறது. மூன்றாவது, நிறுவியபின் அம்மென்பொருள் இயங்கும்போது தானே உண்டாக்கிய கோப்புகள், பயனர் திருத்திய அமைப்புகள், கணிப்பொறி தொடங்கும்போதே இயங்குமாறு சேர்த்த குறிப்புகள் ஆகியன நிறுவும் ஆணை வைத்தவை அல்ல. ஆதலின் நீக்கும் ஆணையும் அவற்றை அறியாது.

இவ்வாறு முறையான வழி அற்றபோது மக்கள் கையால் அழிக்கத் துணிந்தனர். அதன் அபாயத்துக்கு இரண்டு நிகழ்ச்சிகளைச் சான்று காட்டலாம். 1998ஆம் ஆண்டின் இறுதியில் பங்கி என்னும் நிறுவனம் மித் 2 என்னும் கணிப்பொறி விளையாட்டை வெளியிட முற்பட்டது. அது மூல நிரலாக வழங்கப்பட்டதன்று. எனினும் நீக்கலின் இடரை அது தெளிவாகக் காட்டுகிறது. அதனுடன் வந்த நீக்கும் நிரல், விளையாட்டு வைக்கப்பட்ட கோப்புறையில் உள்ள அனைத்தையும் அழித்துவிடும் இயல்பினதாக இருந்தது. தனிக் கோப்புறையில் வைத்தவருக்குத் தீங்கில்லை. வட்டின் தலைக் கோப்புறையிலேயே வைத்தவருக்கோ வட்டு முழுவதுமே அழிந்துவிடும். இக்குறை தெரிந்ததும் அந்நிறுவனம் பொருட்செலவைப் பாராமல் அப்பதிப்பைத் திரும்பப் பெற்றது. தான் வைத்தவை எவை என்ற பட்டியல் இல்லாமல், இருப்பதையெல்லாம் தன்னுடையது என்று கொண்டதே அந்த நிரலின் குற்றம்.

மற்றொன்று 2011ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. மடிக்கணிப்பொறிகளில் உள்ள இருவகை வரைகலைச் சில்லுகளை லினக்ஸில் மாற்றி மாற்றிப் பயன்படுத்த உதவும் பம்பிள்பீ என்னும் கட்டற்ற மென்பொருளின் நிறுவல் தொடரில், பழைய கோப்புறை ஒன்றை அழிக்கும் வரி இருந்தது. யு.எஸ்.ஆர். என்னும் சொல்லுக்குப் பின் தவறுதலாக ஓர் இடைவெளி விழுந்துவிட்டது. அதனால், ஒரு மூலையில் இருந்த சிறு கோப்புறையை அழிக்கவேண்டிய ஆணை, யு.எஸ்.ஆர். கோப்புறை முழுவதையுமே அழிக்கும் ஆணையாயிற்று. மென்பொருள்களில் பெரும்பகுதி இருக்கும் இடம் அது. ஓர் இடைவெளி, ஒரு கணிப்பொறியின் உடைமையையே துடைத்தது. திருத்தம் உடனே வெளியிடப்பட்டதாயினும், நீக்கும் ஆணையை எழுதுவோர் எத்துணை விழிப்புடன் இருத்தல் வேண்டும் என்பதற்கு அது நிலையான எச்சரிக்கையாயிற்று.

அப்படியாயின் நீக்காமலே விட்டுவிட்டால் என்ன என்று நீங்கள் வினவலாம். இடம் சிறிது அடையும், வேறென்ன கேடு? கேடு உண்டு, அதனை 2014ஆம் ஆண்டு உலகுக்கு உணர்த்தியது. அவ்வாண்டு ஏப்ரல் 7ஆம் நாள், ஓப்பன் எஸ்.எஸ்.எல். என்னும் மறைகுறி நிரலகத்தில் ஹார்ட்பிளீட் என்று பெயர் பெற்ற பெரும்பிழை ஒன்று வெளிப்படுத்தப்பட்டது. வலையில் கடவுச்சொற்களையும் கணக்கு விவரங்களையும் காக்கும் பொறுப்புடைய நிரலகம் அது. அதன் 1.0.1 முதல் 1.0.1எஃப் வரையிலான பதிப்புகளில், ஒவ்வொரு முறை கேட்கும்போதும் கணிப்பொறி நினைவகத்தின் 64 கிலோபைட் அளவு வரை அயலார்க்குக் கசிந்துவிடும் நிலை இருந்தது. முறைமையோடு வந்த நிரலகத்துக்கு அதனை வழங்கியோரே திருத்தம் அனுப்பினர். ஆனால் முன்னொரு காலத்தில் எவரோ மூல நிரலிலிருந்து தொகுத்து யு.எஸ்.ஆர். லோக்கலில் வைத்துவிட்டு மறந்துபோன படிக்கு எவர் திருத்தம் அனுப்புவர்? அது எங்கும் பதிவாகவில்லை. மேலும், நிரலைத் தேடும் வரிசையில் அந்த உள்ளூர்க் கோப்புறையே பெரும்பாலும் முன்னதாக நிற்கும். ஆதலின் புதிய நல்ல நிரல் ஓரிடத்தில் இருக்க, பழைய பழுதுற்ற நிரலே முந்திக்கொண்டு விடை சொல்லும். மறக்கப்பட்ட பொருள் வாளா கிடப்பதில்லை. அது காவலற்ற வாயிலாகிறது.

இனி அறிஞர்கள் கண்ட தீர்வுகளைக் காண்போம். 1993ஆம் ஆண்டு இத்துறையில் சிறப்பானது. அவ்வாண்டை ஒட்டி பாப் கிளிக்ஸ்டைன் என்பார், கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் வழங்கிய டிப்போ என்னும் நிரலைப் பின்பற்றி ஸ்டோ என்னும் கருவியை இயற்றினார். அதன் நுட்பம் மிக எளியது. ஒவ்வொரு மென்பொருளையும் அதற்கே உரிய தனிக் கோப்புறையில் முழுமையாக நிறுவவேண்டும். பின்னர்ப் பொது இடத்தில் அக்கோப்புகளைச் சுட்டும் இணைப்புகளை மட்டும் ஸ்டோ அமைத்துத் தரும். நீக்கவேண்டும்போது அவ்விணைப்புகளை எடுத்துவிட்டுத் தனிக் கோப்புறையை அழித்தால் போதும். ஒவ்வோர் இணைப்பும் தன் தாய்க் கோப்புறையைச் சுட்டி நிற்பதால், பாத்திரத்தில் பெயர் வெட்டியதுபோல் ஆயிற்று.

அதே 1993ஆம் ஆண்டில் பாட்ரிக் வோல்கெர்டிங் வெளியிட்ட ஸ்லாக்வேரும், ஆகஸ்டு 16ஆம் நாள் இயன் மர்டாக் அறிவித்த டெபியனும் தோன்றின. இவை லினக்ஸ் முறைமையைப் பொதிகளாகப் பகுத்து வழங்கின. பொதி என்பது தொகுத்து முடித்த கோப்புகளையும், அம்மென்பொருளைப் பற்றிய விவரங்களையும் ஒன்றாகக் கட்டியது. டெபியனின் டி.பி.கே.ஜி. என்னும் கருவி, ஒரு பொதியை நிறுவும்போதே அது வைத்த ஒவ்வொரு கோப்பின் பெயரையும் ஒரு பட்டியலில் எழுதிக்கொள்கிறது. 1995ஆம் ஆண்டில் ரெட் ஹேட் நிறுவனம் பயன்படுத்தத் தொடங்கிய ஆர்.பி.எம். என்னும் கருவியும் இத்தகையதே. பள்ளிக்கூடங்களில் இருப்புப் பதிவேடு என்று ஒன்று உண்டு. நாற்காலியோ நிலைப்பேழையோ வாங்கிய அன்றே அதில் எண்ணிட்டு ஏற்றப்படும். கழிக்கப்படும்போது ஆணை எண்ணுடன் கழிக்கப்படும். தலைமையாசிரியர் மாறலாம், எழுத்தர் மாறலாம்; பதிவேடு நின்று பேசும். பொதிமேலாண்மைக் கருவிகள் கணிப்பொறிக்கு அளித்தது அந்தப் பதிவேட்டையே.

பதிவேடு ஏற்பட்டபின் வேறு இரண்டு நுட்பமான கேள்விகளுக்கும் விடை கிடைத்தது. ஒன்றை எடுத்தால் அதனை நம்பியிருக்கும் பிறவற்றுக்கு என்ன நேரும் என்பது ஒரு கேள்வி. ஒவ்வொரு பொதியும் தனக்கு எவை எவை தேவை என்று அறிவித்துவிடுவதால், பிறர் சார்ந்து நிற்கும் நிரலகத்தை எடுக்க முயன்றால் கருவி முன்னரே எச்சரிக்கிறது. பயனர் தாம் திருத்திய அமைப்புகளையும் இழக்கவேண்டுமா என்பது மற்றொரு கேள்வி. டெபியனில் இதற்கு இரண்டு நிலைகள் வகுக்கப்பட்டன. ரிமூவ் என்றால் மென்பொருள் போகும், அமைப்புக் கோப்புகள் தங்கும். பின்னொரு நாள் மீண்டும் நிறுவினால் பழைய ஏற்பாடு அப்படியே கிடைக்கும். பர்ஜ் என்றால் அவ்வமைப்புக் கோப்புகளும் போய்விடும். குடிபெயர்வோர் வீட்டைப் பூட்டிச் செல்வதற்கும் ஒழித்துக் கொடுப்பதற்கும் உள்ள வேறுபாடு போன்றது இது.

மூல நிரலிலிருந்து தாமே தொகுப்போருக்கும் பதிவேட்டின் பயன் கிட்டவேண்டாவா? அதற்கென எழுந்ததே செக்இன்ஸ்டால் என்னும் கருவி. மேக் இன்ஸ்டால் என்னும் ஆணையை அதன்வழி இயக்கினால், அவ்வாணை எந்தெந்தக் கோப்புகளை எங்கெங்கே வைக்கிறது என்பதை அருகிருந்து கவனித்து, அவற்றை ஒரு பொதியாகக் கட்டிப் பதிவேட்டில் ஏற்றிவிடுகிறது. பின்னர் நீக்குவது மற்றப் பொதிகளை நீக்குவதுபோல் எளிதாகிறது.

நெதர்லாந்து நாட்டின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எல்கோ டோல்ஸ்ட்ரா என்பார் இதனினும் ஒரு படி மேலே சென்றார். 2006ஆம் ஆண்டில் அவர் அளித்த ஆய்வேடு நிக்ஸ் என்னும் முறையை விளக்குகிறது. அதில் ஒவ்வொரு மென்பொருளும் தனித்த கோப்புறையில் இருக்கும். அக்கோப்புறையின் பெயரிலேயே ஒரு நீண்ட குறியீடு அமைந்திருக்கும். எந்த மூல நிரலிலிருந்து, எந்தக் கருவிகளைக் கொண்டு, எவ்வகையில் தொகுக்கப்பட்டது என்பவற்றைக் கணக்கிட்டுப் பெறுவது அக்குறியீடு. அவற்றுள் ஒன்று மாறினாலும் குறியீடும் மாறிவிடும். ஆதலின் ஒரே நிரலகத்தின் இரு பதிப்புகள் மோதிக்கொள்ளாமல் அடுத்தடுத்து வாழும். எவரும் சுட்டாத கோப்புறைகளைக் குப்பை திரட்டும் முறையால் பின்னர் அகற்றிவிடலாம். பாத்திரத்தின் விளிம்பில் உடையவர் பெயரோடு, அது வார்க்கப்பட்ட வரலாறும் வெட்டப்பட்டதற்கு இஃது ஒப்பாகும்.

இத்தனை வழிகள் இருந்தும், பதிவின்றி நிறுவிய மென்பொருளை நீக்கவேண்டிய தேவை உங்களுள் பலருக்கு நேரும். கல்லூரி ஆய்வகங்களில், முன் ஆண்டு மாணவர் நிறுவிச் சென்றதை இவ்வாண்டு மாணவர் நீக்கவேண்டியிருக்கும். அப்போது பின்பற்றவேண்டிய முறையையும் கூறிவிடுகிறேன். முதலில், இயங்கிக்கொண்டிருந்தால் அந்நிரலை நிறுத்துக. பின்னர், தொகுத்த கோப்புறை இன்னும் இருக்கிறதா என்று பார்க்க. இருந்தால் அதில் அன்இன்ஸ்டால் விதி உள்ளதா என ஆராய்ந்து, உண்மையில் இயக்குமுன் எவ்வாணைகளை அது செய்யப்போகிறது என்று மட்டும் காட்டுமாறு மேக்கைக் கேட்கலாம். சீமேக் என்னும் கருவியால் தொகுக்கப்பட்டதாயின், நிறுவிய கோப்புகளின் பட்டியல் இன்ஸ்டால் மேனிஃபெஸ்ட் என்னும் பெயருடன் அக்கோப்புறையிலேயே கிடைக்கும்.

தொகுத்த கோப்புறை அழிந்துபோயிருந்தாலும் வழி உண்டு. அதே பதிப்பின் மூல நிரலை மீண்டும் பெற்று, முன்பு கொடுத்த அதே விருப்பங்களைக் கொடுத்து கான்ஃபிகர் செய்தால் நீக்கும் விதி மீண்டும் கைக்கு வரும். அவ்விதியே இல்லையாயின், டெஸ்ட்டிர் என்னும் மாறியின் துணைகொண்டு வெற்றுக் கோப்புறை ஒன்றில் அம்மென்பொருளை நிறுவுக. எந்தெந்தக் கோப்புகள் அங்கே விழுகின்றன என்று பட்டியல் எடுக்க. மேக்ஃபைல் அம்மாறியை மதித்து எழுதப்பட்டதா என்பதை முன்னரே பார்த்துக்கொள்வது நன்று. அப்பட்டியலை மெய்யான முறைமையோடு ஒப்பிட்டு, ஒவ்வொரு கோப்பாகச் சரிபார்த்து நீக்குக. கோப்புறைகளை மொத்தமாக அழிக்கவேண்டா; அங்கே பிறர் பொருளும் இருக்கலாம். ஒரு கோப்பு முறைமையின் பொதிக்கு உரியதா என்று ஐயம் எழுந்தால், டி.பி.கே.ஜி., ஆர்.பி.எம். ஆகிய கருவிகளைக் கேட்டால் அவை விடை தரும். நீக்கிய கோப்புகளுள் நிரலகம் இருந்தால் எல்.டி.கான்ஃபிக் என்னும் ஆணையால் நிரலகக் குறிப்பைப் புதுப்பிக்க. இறுதியாக, அமைப்புக் கோப்புகளும் தொடக்கக் குறிப்புகளும் எஞ்சியிருக்கின்றனவா என்று தேடிப் பார்க்க.

இவ்வரலாற்றால் நாம் அறிவது யாது? ஃபெல்ட்மனின் மேக், எது எதனிலிருந்து பிறந்தது என்பதை எழுதி வைத்தது. டெபியனின் பட்டியல், எது எங்கே வைக்கப்பட்டது என்பதை எழுதி வைத்தது. டோல்ஸ்ட்ராவின் குறியீடு இவ்விரண்டையும் ஒன்றாக இணைத்தது. முப்பது ஆண்டு முயற்சியின் முழுப் பயனும் எழுதி வைத்தல் என்னும் ஒரே செயலில் அடங்கியிருக்கிறது. மூல நிரலைப் பெற்றுத் தாமே தொகுத்துப் பார்ப்பது மாணவர்க்கு மிக்க பயன் தரும் பயிற்சி. அதனை அஞ்சி விலக்கவேண்டியதில்லை. ஆனால் நிறுவும் அன்றே ஒரு சிறு ஏட்டில் மென்பொருளின் பெயர், பதிப்பு எண், நாள், கொடுத்த விருப்பங்கள், மூல நிரலை வைத்த இடம் ஆகிய ஐந்தையும் குறித்து வைத்தல் வேண்டும். அதற்கு ஆகும் நேரம் இரண்டு நிமிடம். இன்னும் சில ஆண்டுகளில் அதே கணிப்பொறியின் முன் வந்து அமரப்போகும், உங்கள் முகமும் அறியாத மாணவர் ஒருவருக்கு அந்த ஏடு ஒரு நாள் உழைப்பை மிச்சப்படுத்தும்.